தொப்பி போட்ட ஓர் எழுத்தும் 1746 புயலும்

பிரெஞ்சில் பேசச் சொன்னா நான் திணறிடுவேன். கடையில ஒரு காபி கேட்கிறதுக்குள்ள வியர்த்துடும். நான் கத்துக்கிட்டது படிக்கிறதுக்காக மட்டும்தான், அதுவும் மதராஸைப் பற்றிப் பழைய ஆட்கள் எழுதி வெச்சதைப் படிக்கிறதுக்காக. ராயபுரத்தில் வளர்ந்தவனுக்கு இந்த ஆசை வர்றதுல ஆச்சரியம் ஒண்ணும் இல்ல. 18-ஆம் நூற்றாண்டில் இந்தக் கரைக்கு எதிரே இரண்டு முறை பிரெஞ்சுக் கொடி வந்து நின்றிருக்கிறது.

சில வருடங்களுக்கு முன்னால், 1746 மதராஸ் முற்றுகையைப் பற்றிய ஒரு பிரெஞ்சு வரலாற்றுப் புத்தகத்தின் மங்கலான ஸ்கேனைப் படிச்சிட்டிருந்தேன். அதில் ஓரிடத்தில் "லா வீல் யூ எத்தே ராந்த்யூ" என்ற சொற்கள் வந்தன. 'ஊர் திருப்பித் தரப்பட்டிருந்தது' என்று நோட்டில் எழுதிக்கிட்டேன். எழுதின உடனே இடிச்சது. பேச்சு நடப்பது 1746 அக்டோபரைப் பற்றி. மதராஸ் ஆங்கிலேயரிடம் திரும்பினதோ 1749-ல். அப்போ இது என்ன? யாருக்கும் தெரியாமல் நடுவில் ஒரு முறை திருப்பித் தந்தாங்களா? இரண்டு நாள் இந்தக் குழப்பத்திலேயே போச்சு. ஏதோ புதுசா கண்டுபிடிச்சுட்டோம்னு ஒரு சின்ன சந்தோஷமும் இருந்ததுன்னு ஒத்துக்கணும்.

மூணாவது நாள் பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த 'யூ'வின் தலையில் மங்கலா ஒரு தொப்பி இருந்தது. பிரெஞ்சுக்காரங்க சிர்கோன்ஃபிளெக்ஸ் என்று சொல்ற குறி. தொப்பி இல்லாவிட்டால் அது நடந்த காரியம். தொப்பி இருந்தால் நடக்காத காரியம். 'ஊர் திருப்பித் தரப்பட்டிருக்கும்', அதாவது தரப்படவே இல்லை. உச்சரிப்பில் இரண்டுக்கும் துளிகூட வித்தியாசம் கிடையாது. என் கண்டுபிடிப்பு அந்த மையளவு தொப்பிக்குள்ள காணாமப் போச்சு.

அந்த வினை வடிவத்துக்கு 'பிளூஸ்-கெ-பார்ஃபே த்யூ சுப்ஜோங்க்திஃப்' என்று பெயர். பிரெஞ்சு படிக்கிறவங்க கடைசியா வந்து சேர்ற அறை இது. நிறைய பேர் வாசல்லயே திரும்பிடுவாங்க. செய்முறை என்னமோ எளிதுதான். 'உடைமை'யைக் குறிக்கும் அவ்வார் அல்லது 'இருத்தல்' என்ற எத்ர், இந்த இரண்டு துணைவினைகளில் ஒன்றை ஒரு பழைய வடிவத்தில் போட்டு, பக்கத்தில் முக்கிய வினையின் எச்சத்தை வைக்கணும். அவ்வார் என்றால் நான், நீ, அவன், நாங்கள், நீங்கள், அவர்கள் என்று வரிசையா இப்படி வரும்: ழ்யூஸ், த்யூ யூஸ், இல் யூ, நூ ஸ்யூசியோன், வூ ஸ்யூசியே, இல் ஸ்யூஸ். எத்ர் என்றால் ஃப்யூஸ், ஃப்யூஸ், ஃப்யூ என்று போகும். உதட்டை 'ஊ'வுக்குக் குவிச்சு, நாக்கை 'ஈ'க்கு வெச்சுக்கிட்டுச் சொன்னா அந்த 'யூ' வரும். கூடப் படிச்ச ஒருத்தர் 'ழ்யூஸ்' வரும்போதெல்லாம் "ஒரு ஆப்பிள் ஜூஸ்" என்பார். வகுப்பில் அதுக்கப்புறம் யாருக்கும் முகத்தை நேரா வெச்சுக்க முடியல.

இந்த வடிவத்துக்கு இரண்டு வேலை. முதலாவது, 'ஊர் விழுந்திருக்குமோ என்று அவர் பயந்தார்' மாதிரி, இறந்தகாலத்தில் ஒருத்தர் மனசுக்குள் இருந்த பயம், ஆசை, சந்தேகம் ஆகியவற்றுக்குப் பின்னால் வர்றது. இரண்டாவதுதான் நம்ம விஷயம். 'சீல் யூ அத்தாந்த்யூ, இல் யூ காஞே' என்றால் 'அவர் காத்திருந்திருந்தால் ஜெயித்திருப்பார்' என்று அர்த்தம். காத்திருக்கவும் இல்லை, ஜெயிக்கவும் இல்லை. நிபந்தனையும் விளைவும் இரண்டுமே ஒரே தொப்பியைப் போட்டுக்கும்.

அந்தத் தொப்பி வந்த கதையும் சுவாரசியமானது. லத்தீனில் இதன் மூதாதைக்கு நடுவில் ஓர் 'ஸ்' இருந்தது. பழைய பிரெஞ்சிலும் அதை எழுதிட்டு வந்தாங்க. பேச்சில் அந்த 'ஸ்' எப்பவோ செத்துப்போச்சு, எழுத்தில் மட்டும் ஒட்டிக்கிட்டிருந்தது. 1740-ல் பிரெஞ்சு அகாதெமி தன் அகராதியின் மூன்றாம் பதிப்பைக் கொண்டுவந்தபோது இந்த மாதிரி ஊமை 'ஸ்'களை ஆயிரக்கணக்கான சொற்களிலிருந்து எடுத்துட்டாங்க. பல இடங்களில் அதுக்கு ஞாபகார்த்தமா மேலே தொப்பி வந்தது. மதராஸ் பிரெஞ்சுக்காரங்க கையில் விழுறதுக்கு ஆறே வருஷம் முன்னால். 1990-ல் எழுத்துச் சீர்திருத்தம் செய்தவங்க நிறைய தொப்பிகளைக் கழற்றினாங்க. ஆனா இந்த வடிவத்தின் தொப்பியைத் தொடலை. தொட்டா நடந்ததும் நடக்காததும் ஒண்ணாயிடும்.

தமிழில் இதுக்கு என்ன இருக்கு? 'வந்திருந்தால்' இருக்கு. பிரெஞ்சு மாதிரியே எச்சம், துணைவினை. ஆனா நமக்கு 'உடைமை'க்குத் தனி வினை கிடையாது, அதனால் 'இரு' ஒன்றே எல்லா பாரத்தையும் சுமக்குது. நான் வந்திருந்தால், நீ வந்திருந்தால், அவங்க வந்திருந்தால் என்று ஆறு பேருக்கும் ஒரே வடிவம்தான். பிரெஞ்சுப் பிள்ளைகள் மனப்பாடம் பண்ற பட்டியல் நமக்குத் தேவையே இல்லை. விளைவைச் சொல்லும்போதுதான் இருப்பேன், இருப்பாய், இருப்பான் என்று பிரியும். அங்கேதான் ஒரு சிக்கலும் இருக்கு. 'அவன் இந்நேரம் வந்திருப்பான்' என்றால் ஊகம், பெரும்பாலும் வந்திருக்கிறான். 'சொல்லியிருந்தா வந்திருப்பான்' என்றால் வரவில்லை. வினை ஒண்ணுதான். முன்னால ஒரு 'இருந்தா' வருதா இல்லையாங்கிறதுதான் நம்ம தொப்பி.

ஐரோப்பியர் தமிழ் படிக்க வந்தபோது அவங்களுக்கு இதுக்கு நேர்மாறான தலைவலி. 1540களின் கடைசியில் முத்துக்குளித்துறையில் இருந்த ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் பாதிரியார் போர்ச்சுகீசிய மொழியில் ஒரு தமிழ் இலக்கணம் எழுதினார். லத்தீன் இலக்கணம் போட்டு வெச்ச கட்டங்களில் தமிழ் வினைகளை ஒவ்வொண்ணா உட்கார வைக்கணும் அவருக்கு. நம்ம வினைகள் சில கட்டங்களில் உட்காரும், சிலதில் நழுவும். நான் தொப்பியைத் தவறவிட்டு முழிச்சதை நினைச்சா, அந்த மனுஷர் மேல் எனக்குத் தனிப் பிரியம் வருது.

இனி 1746. அட்சய வருஷம், புரட்டாசி மாதம். மொரீஷியஸ் தீவின் ஆளுநரா இருந்த மாஹே த லா பூர்தொனே கப்பற்படையோடு வந்து கோட்டை மேல் குண்டு போட்டார். ஆங்கிலேயப் பதிவுகளில் செப்டம்பர் 10, பிரெஞ்சுப் பதிவுகளில் செப்டம்பர் 21, இரண்டுமே ஒரே நாள்தான். ஆங்கிலேயர் 1752 வரைக்கும் பழைய நாட்காட்டியைவிடலை, 11 நாள் பின்தங்கியே இருந்தாங்க. இதைக் கவனிக்காமல் கட்டுரை எழுதிக் கிழமையும் தேதியும் மோதவிட்டவங்க நிறைய பேர். அந்த நாளில் ஆளுநர் நிக்கோலஸ் மோர்ஸ் சரணடைந்தார். கோட்டையில் எழுத்தரா இருந்த ராபர்ட் கிளைவும் கைதிகளில் ஒருத்தர். பின்னால் வேஷம் போட்டுக் கடலூர்ப் பக்கம் ஓடிப்போனார்.

லா பூர்தொனேவின் எண்ணம் ஊரை வெச்சுக்கிறது இல்லை. 11 லட்சம் வராகன் மீட்புப் பணம் வாங்கிக்கிட்டு ஆங்கிலேயரிடமே திருப்பித் தந்துடறதா பேசினார். பாண்டிச்சேரியில் இருந்த ஆளுநர் டூப்ளேக்கு இது பிடிக்கலை. மதராஸ் தன் அதிகாரத்துக்குள்ள வரணும், விற்கக் கூடாது என்றார். பாண்டிச்சேரிக்கும் மதராஸுக்கும் நடுவே கடிதங்கள் பறந்தன.

இந்த இழுபறிக்கு நடுவில், புரட்டாசி முடிஞ்சு ஐப்பசி பிறக்கிற நேரம். இந்தக் கரையில் அந்த மாசத்தில் கப்பலை நங்கூரத்தில் வெச்சுக்கிட்டு நிற்கக் கூடாதுன்னு மீனவர் வீட்டுச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். துறைமுகம் கிடையாது, திறந்த கடல். அக்டோபர் 13 இரவு புயல் வந்தது. கப்பல்கள் மூழ்கின, பாய்மரங்கள் ஒடிஞ்சன, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்கள் போனாங்க. லா பூர்தொனே மிச்சத்தை ஒட்டுப்போட்டு, ஆங்கிலேயரோடு அவசரமா உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டு, மாசக் கடைசிக்குள் கிளம்பிட்டார். அவர் போனதும் நவம்பரில் டூப்ளே உடன்படிக்கை செல்லாது என்று அறிவிச்சுட்டார். மதராஸ் மூணு வருஷம் பிரெஞ்சு ஊரா இருந்தது.

'அந்தப் புயல் மட்டும் வராம இருந்திருந்தா நாமெல்லாம் இன்னைக்கு பிரெஞ்சு பேசிட்டிருப்போம்' என்று சொல்றவங்களை நான் பலமுறை கேட்டிருக்கேன். மேடையில், டீக்கடையில், கல்யாண வீட்டில். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பினேன். தொப்பி போட்ட அந்த வாக்கியம்தான் என்னை யோசிக்க வெச்சது. புயல் வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? லா பூர்தொனே தன் படையோடு கரையில் பலமா நின்றிருப்பார். பணத்துக்கான பத்திரங்களை வாங்கிக்கிட்டு ஊரை ஒப்படைச்சிருப்பார். அதுதான் அவர் திட்டம், அவரைத் தடுக்கிற கப்பல் பலம் டூப்ளேகிட்ட கிடையாது. ஊர் திருப்பித் தரப்பட்டிருக்கும். அவரைக் கிளப்பி, டூப்ளே கைக்கு மதராஸைக் கொடுத்ததே புயல்தான். பிரெஞ்சு ஆட்சியைக் கெடுத்ததா நாம சொல்ற அதே புயல் இல்லைன்னா, பிரெஞ்சு ஆட்சியே இங்கே சில வாரங்களுக்கு மேல் இருந்திருக்காது என்பது என் கணக்கு. அந்தப் புயல் கப்பற்படையையும் சேர்த்துக் கொண்டுபோனதால், கிடைச்ச ஊரைத் தாண்டி எதையும் செய்ய டூப்ளேவுக்குக் கடல் பலம் இல்லாமப் போச்சுங்கிறது வேற விஷயம்.

1748-ல் ஐரோப்பாவில் ஏ-லா-ஷப்பேல் உடன்படிக்கை கையெழுத்தாச்சு. கனடா பக்கத்து லூயிபூர் கோட்டையைப் பிரான்சு திரும்பப் பெற்றது, மதராஸை பிரிட்டன் திரும்பப் பெற்றது. நம்ம ஊரை யார் வெச்சுக்கணுங்கிறது அட்லாண்டிக் கரையில் இருந்த பனி ஊர் ஒண்ணோட சேர்த்துத் தராசில் நிறுக்கப்பட்டது. கடைசியில், புயல் வந்தாலும் வராவிட்டாலும், ஊர் திரும்பிப் போறதில்தான் முடிஞ்சது.

ஆனா அந்த மூணு வருஷம் சும்மா போகலை. அப்போ கறுப்பர் நகரம் கோட்டையின் வடக்குச் சுவரை ஒட்டியே, இப்போ உயர் நீதிமன்றம் நிற்கிற இடத்தில் இருந்தது. சுவருக்கு எதிரே எதிரி ஒளிய இடம் இருக்கக் கூடாதுன்னு பிரெஞ்சுக்காரங்க கோட்டையை ஒட்டிய வீடுகளை இடிச்சாங்க. ஊர் திரும்பக் கிடைச்சதும் ஆங்கிலேயர் அந்த யோசனை நல்லாருக்கேன்னு மிச்சத்தையும் 1750களில் இடிச்சுத் தள்ளினாங்க. சென்னைக்குப் பெயர் கொடுத்ததா சிலர் சொல்ற சென்னகேசவப் பெருமாள் கோயிலும் அதில் போச்சு. 1760களில் பூக்கடைப் பக்கம் புதுக் கோயில் எழும்ப முன்னின்றவர் மணலி முத்துக்கிருஷ்ண முதலியார், நம்ம மணலிதான். துணி வியாபாரி, நெசவாளர், சாயக்காரர், எல்லோரும் வடக்கே முத்தியால்பேட்டைக்கும் பெத்துநாயக்கன்பேட்டைக்கும் தள்ளப்பட்டாங்க. 1773-ல் இடிச்ச நிலத்தின் எல்லையைக் காட்ட 13 தூண்கள் நட்டாங்க. ஒண்ணு பாரிமுனையில் இன்னும் நிக்குது. அடுத்த முறை பாரிஸ் கார்னர்ல பஸ்ஸுக்கு நிற்கும்போது பாருங்க, யாரும் கவனிக்காத ஒரு குட்டைக் கல்.

புது நகரத்தையும் பிரெஞ்சுக்காரங்க விடலை. 1758 டிசம்பரில் லாலி பெரும்படையோடு வந்து கறுப்பர் நகரத்தைப் பிடிச்சார். படையாட்கள் முதல் வேலையா சாராயக் கிடங்குகளைக் காலி பண்ணினாங்க. கோட்டை மட்டும் விழலை. 1759 பிப்ரவரி 16 அன்று கடலில் ஆங்கிலேயக் கப்பல்கள் தெரிஞ்சன, மறுநாள் லாலி முற்றுகையைக் கலைச்சுட்டுப் போயிட்டார். இங்கேயும் ஒரு 'இருந்திருந்தால்' உண்டு, கப்பல் பத்து நாள் தாமதமாகியிருந்தால் என்று. இதை நான் அவ்வளவு சுலபமா தள்ளிவிட மாட்டேன்.

இந்தக் கதையின் மூணு பெரிய மனுஷங்களும் கடைசிக் காலத்தில் செய்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். தங்கள் பக்க நியாயத்தை எழுதினாங்க. லா பூர்தொனே ஆங்கிலேயரிடம் லஞ்சம் வாங்கினார்னு 1748-ல் பாஸ்தீல் சிறையில் போட்டாங்க. தாள் தராததால் கஞ்சி போட்டு விறைப்பாக்கின கைக்குட்டையில் காபி வண்டலால் எழுதினார்னு ஒரு கதை உண்டு. 1750-ல் அவருடைய நியாய வாதம் அச்சில் வந்தது, 1751-ல் விடுதலை, 1753-ல் மரணம். டூப்ளே 1754-ல் திரும்ப அழைக்கப்பட்டார். கம்பெனி தனக்குத் தரவேண்டிய பணத்துக்காக 1759-ல் வாதம் அச்சிட்டு, 1763-ல் கடனாளியா செத்தார். லாலியை 1766 மே மாதம் பாரிஸில் தலையை வெட்டினாங்க. வோல்தேர் அவருக்காக எழுதினார், 1778-ல்தான் அந்தத் தீர்ப்பு ரத்தாச்சு. இந்த வழக்குகளில் எல்லோரும் விவாதிச்சது நடக்காத காரியங்களைத்தான். கப்பல் வந்திருந்தால், பணம் அனுப்பியிருந்தால், அவர் சொன்னபடி கேட்டிருந்தால். அந்தக் காலத்துப் பிரெஞ்சு உரைநடையில் இதைச் சொல்றதுக்குக் கைவசம் இருந்த கண்ணியமான வடிவம் அந்தத் தொப்பி வடிவம். ஒருத்தருக்கு அது தலையைக் காப்பாத்திக்கிற கருவி, இன்னொருத்தருக்கு தலை போனப்புறம் மகன் நடத்தின வழக்கு.

இதே வருஷங்களில் இன்னொருத்தரும் எழுதிக்கிட்டிருந்தார். டூப்ளேயின் துபாஷ் ஆனந்தரங்கப் பிள்ளை. 1709-ல் நம்ம பெரம்பூரில் பிறந்து, சின்ன வயசில் அப்பாவோட பாண்டிச்சேரி போனவர். 1736-லிருந்து நாட்குறிப்பு எழுதினார், தமிழில், கிட்டத்தட்ட பேசுற மாதிரியே. மதராஸ் விழுந்த சேதி, டூப்ளேயின் கோபம், கப்பல்கள் உடைஞ்ச தகவல், எல்லாம் வந்த வரிசையிலேயே இருக்கும். அன்றைக்கு எழுதுறவருக்கு நாளைக்கு என்ன ஆகும்னு தெரியாது. அதனால்தான் பாரிஸில் வக்கீல்கள் தீட்டின வாதங்களைவிட அவர் பக்கங்களை நான் அதிகம் நம்புறேன். 1761 ஜனவரியில், பாண்டிச்சேரி விழுந்த அதே மாசத்தில், அவர் காலமானார். காரைக்காலில் வளர்ந்த ஜூலியன் வேன்சோன் என்ற பாரிஸ் பேராசிரியர் 1894-ல் அதிலிருந்து டூப்ளே, லா பூர்தொனே சம்பந்தப்பட்ட பகுதிகளைத் தமிழிலிருந்து பிரெஞ்சுக்குக் கொண்டுபோனார்.

அதுக்குச் சில வருஷங்கள் கழிச்சு, 1901-ல், பிரெஞ்சு அரசு ஓர் ஆணை போட்டது. பரீட்சையில் சில இடங்களில் இந்தப் பழைய துணைநிலை வடிவங்களுக்குப் பதிலா எளிமையானதை எழுதினாலும் தப்புன்னு எடுத்துக்காதீங்க என்று. பேச்சில் அது அதுக்கு முன்னாலேயே போயாச்சு. இன்னைக்கு பாரிஸில் யாராவது பஸ்ஸைத் தவறவிட்டு 'ழ்யூஸ்' என்று ஆரம்பிச்சா கிண்டல்னுதான் நினைப்பாங்க. புத்தகத்தில் மட்டும் 'அவன்' வடிவம் தொப்பியோடு நடமாடுது.

நம்ம பக்கம் இது பேச்சில் சாகலை. காசிமேட்டில், எங்க தெருவில், தினம் கேட்கலாம். ஒரு காலத்தில் கப்பலுக்கும் கரைக்கும் நடுவே சலங்கு ஓட்டினவங்க இருந்த ஊர் இது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைச்ச படகு, அலையில் வளைஞ்சு கொடுக்கும். அந்த மாதிரிப் படகில்லாம யாரும் மதராஸில் கால் வெச்சதில்லை. 1870களில் துறைமுகம் கட்ட ஆரம்பிச்சாங்க. 1881 நவம்பர் புயல் அதன் கைகளை ஒடிச்சுப் போட்டது, மறுபடி கட்டினாங்க. கடலோரமா தெற்கிலிருந்து வடக்கே நடந்து வர்ற மணலை அந்தச் சுவர் பிடிச்சு நிறுத்திடுச்சு. தெற்கே மெரீனா அகலமாயிட்டே போச்சு. வடக்கே மணல் வராம கடல் ராயபுரத்தையும் திருவொற்றியூரையும் தின்ன ஆரம்பிச்சது. இப்போ எண்ணூர் போற சாலையில் கடற்கரைன்னு இருக்கிறது பெரும்பாலும் கருங்கல் குவியல்தான். இது புயலைப் பற்றிய டீக்கடை ஊகம் மாதிரி இல்லை. மணல் எங்கே நின்னது, எங்கே போச்சுன்னு பொறியாளர்கள் அளந்து வெச்சிருக்காங்க.

என் பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஒருநாள் அந்தக் கல்லைக் காட்டிச் சொன்னாங்க: "அந்தச் சொவரு மட்டும் கட்டாம இருந்திருந்தா, எங்க ஆயா ஊடு இன்னும் அங்கதான்பா இருக்கும்." வீட்டுக்கு வந்து, சும்மா பயிற்சிக்காக, அதைப் பிரெஞ்சில் எழுதிப் பார்த்தேன். முதல் பாதிக்குத் தொப்பி சரியா உட்கார்ந்தது. இரண்டாவது பாதிக்கு உட்காரலை. வீடு 'இருந்திருக்கும்' என்று அவங்க சொல்லலை, 'இருக்கும்' என்றாங்க, இன்னைக்கு. அதுக்கு 'செரே' என்ற சாதாரண நிகழ்கால வடிவம் போதும், தினம் எல்லோரும் பேசுறதுதான். தொப்பி கிடையாது.